412ஆம் பத்தியின் நாய்கள்

ரெமிஜியோ பாச்சினி தன் கல்யாணத்தன்றே தேவாலயத்தில் ஒரு தவற்றைக் கண்டுபிடித்தவர். சுவர்ப் பலகையில் பாட்டு எண் 87 என்று மாட்டியிருந்தார்கள். புத்தகத்தில் 87 என்பது அடக்கச் சடங்குக்கான பாட்டு. ஆர்கன் முழங்கும் முன்பே மாப்பிள்ளை கையைத் தூக்கிவிட்டார். கல்யாணத்தை நிறுத்தப் போகிறார் என்று கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. “78ஆ இருக்கும், ஃபாதர்” என்றார் ரெமிஜியோ. மணப்பெண் ஒர்னெல்லா அன்றைக்குச் சிரித்தாள். அதற்குப் பிறகு முப்பது வருஷத்தில் அந்த மாதிரி விஷயத்துக்காக அவள் சிரித்ததாகத் தகவல் இல்லை.

இது குணமா வியாதியா என்பதில் குடும்பத்துக்குள் இரண்டு கருத்து உண்டு. அரசாங்கம் மட்டும் அதை உத்தியோகமாக்கிச் சம்பளமும் கொடுத்தது.

ஒவ்வொரு டிசம்பரிலும் ரோமில் அடுத்த வருஷத்து பட்ஜெட் சட்டம் நிறைவேறும். அதில் கனமான பிரிவு ஒன்றே ஒன்றுதான்; ஆனால் அந்த ஒன்றுக்குள் தொள்ளாயிரம் பத்தி அடங்கியிருக்கும். ரயில்வே, பல்கலைக்கழகம், ஆலிவ் மரத்துப் பூச்சி, யாரோ ஒரு உறுப்பினரின் சொந்த ஊர் மணிக்கூண்டு என்று, பொதுப்பணத்தில் மூச்சு விடுகிற எதற்கும் அங்கே ஒரு பத்தி வேண்டும். பத்தி இருந்தால் உயிர் இருக்கிறது. பத்தி போனால் மனு போட்டும் பயனில்லை. இந்தப் பத்திகள் சும்மா இருப்பதில்லை, ஒன்றையொன்று கைகாட்டிக்கொண்டே இருக்கும். ‘230ஆம் பத்தியில் சொன்ன தொகையை 518ஆம் பத்தியில் சொன்ன வாரியத்துக்கு’ என்பது போல. அந்தக் கை சரியான இடத்தைக் காட்டுகிறதா என்று பார்ப்பது ரெமிஜியோவின் வேலை. அதற்கென்று அமைச்சகத்தின் பின்கட்டில், கொதிகலனுக்குப் பக்கத்து அறையில் ஓர் அலுவலகம். ஆள் இரண்டு பேர்: ரெமிஜியோ, அவரைவிட இரண்டு வயது மூத்த ஃபௌஸ்தா மெங்கரெல்லி. அங்கே கதவைத் தட்டிக்கொண்டு பொதுஜனம் யாரும் வருவதில்லை. முப்பத்தொரு வருஷமாக முன்பின் தெரியாத ஒருவரிடமும் பேசாமல் சம்பளம் வாங்கியதை ரெமிஜியோ தன் வாழ்க்கையின் பெரிய பேறாக நினைத்தார்.

அந்த அலுவலகமே ஒரு பத்தியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. 1961இல் ‘ஒரு வருஷத்துக்கு மட்டும்’ என்று தொடங்கினார்கள். அதிலிருந்து டிசம்பருக்கு டிசம்பர் ஒரு பத்தி வந்து இன்னொரு வருஷம் ஆயுளைக் கூட்டிவிட்டுப் போகும். அதை யார் செருகுகிறார்கள் என்று இருவருக்கும் தெரியாது. விசாரிக்கப் பயம். விசாரித்தால், செருகுகிறவருக்கே ஏன் செருகுகிறோம் என்ற யோசனை வந்துவிடலாம்.

ரெமிஜியோவுக்கு ஐம்பத்தொன்பது முடிந்த வருஷம் புது அமைச்சர் சிக்கனம் பேசினார். வரைவு சரிபார்ப்புக்கு வந்தபோது, தங்கள் சாவுச் செய்தியைத் தாங்களே ஒப்புநோக்க வேண்டியதாயிற்று. 412ஆம் பத்தி: அலுவலகத்துக்கு மார்ச் முடிய மட்டும் பணம். 611ஆம் பத்தி: ‘412ஆம் பத்தியில் சொன்ன அமைப்பு மார்ச் கடைசியில் மூடப்படும். அதில் பணிபுரிவோர் வாகனப் பதிவு அலுவலகத்தின் கவுண்டர்களுக்கு மாற்றப்படுவர்.’

“குறிப்பெல்லாம் சரியா இருக்கு” என்றார் ரெமிஜியோ, குரல் எழும்பாமல்.

“வாயை மூடு” என்றாள் ஃபௌஸ்தா.

வாக்கெடுப்புக்கு முந்திய மூன்று வாரமும் ஃபௌஸ்தா தனக்குத் தெரிந்த எல்லா உறுப்பினர்களின் செயலாளர்களுக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தாள். காப்பி குடித்தார்கள். ரெமிஜியோ ஒரு சனிக்கிழமை வாகனப் பதிவு அலுவலகத்துக்குப் போய் தூரத்தில் நின்று பார்த்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாற்பது பேர். அந்தப் பக்கம் ஒருவன். நாற்பது பேரும் ஒரே நேரத்தில் அவனைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்து சூப்பைத் தொடவில்லை.

“மூணு வருஷம்தானே, பென்ஷன் வந்துடும்” என்றாள் ஒர்னெல்லா. “நாலு மனுஷன் முகத்தைப் பாரு. நல்லதுதான்.”

“நாப்பது பேரு ஒர்னெல்லா. ஒவ்வொருத்தனும் ஹெல்மெட் வெச்சிருக்கான்.”

டிசம்பர் இருபத்திரண்டாம் தேதி காலை ஒன்பது மணிக்கு இறுதி வடிவம் வந்தது. எழுநூறு பக்கம். மூன்று மணிக்கு வாக்கெடுப்பு. வழக்கம்போல ராத்திரியோடு ராத்திரியாகப் புதுப் பத்திகள் புகுந்திருந்தன: ஒரு மணிக்கூண்டு, ஒரு கஷ்கொட்டைத் திருவிழா, ஒரு மரப்பந்து விளையாட்டுச் சங்கம். மூன்றும் 409க்கு மேலே வந்து உட்கார்ந்ததால் அதற்குக் கீழே இருந்த எல்லாமே மூன்று மூன்று படி இறங்கியிருந்தன. எழுதுகிறவர்கள் குறிப்புகளையும் அதற்கேற்ப மாற்றியிருந்தார்கள். ஒன்றைத் தவிர. மூடுவிழாப் பத்தி அமைச்சரின் அறையிலிருந்து தனித்தாளாக வந்ததால் அதை யாரும் தொடவில்லை. அது இப்போது 614ஆகியிருந்தது. ஆனால் இன்னும் 412ஐத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

ரெமிஜியோ 412ஐப் புரட்டினார். அவருடைய அலுவலகம் அங்கே இல்லை, 415க்குப் போயிருந்தது. 412இல் இருந்தது பனிச்சரிவு மீட்பு நாய்களுக்கான பயிற்சிப் பள்ளி. பதினாலு நாய், ஆறு பயிற்சியாளர்.

“ஃபௌஸ்தா, இங்க வா. நம்மள மூடலை. நாய்ப் பள்ளியை மூடறாங்க.”

ஃபௌஸ்தா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாள். பிறகு அறைக் கதவைச் சாத்தினாள்.

“நீ ஒண்ணும் பார்க்கலை.”

“பார்த்துட்டேனே.”

“ஏம்ப்பா, எழுநூறு பக்கம், ரெண்டு கிழடு. ஒண்ணு கண்ணுல படலைன்னா யாரு கேப்பா?”

“அங்க பணிபுரியறவங்களை கவுண்டருக்கு மாத்தணும்னு இருக்கு. அப்ப அந்த நாய்ங்க?”

“போகட்டும். கவுண்டர்ல உன்னைவிட நாய் நல்லாவே பேசும்.”

“ஆள் பனியில மாட்டிக்கிட்டா?”

“மே மாசத்துல சரி பண்ணுவாங்க.”

“மே மாசத்துல பனி எங்க இருக்கு?”

ஃபௌஸ்தா மேஜை விளிம்பைத் துணியால் துடைத்தாள், அங்கே அழுக்கு எதுவும் இல்லாதபோதும்.

ரெமிஜியோ கீழே போய் காப்பி சொன்னார். காப்பி ஆறியது. அவர் நாய்களைப் பற்றி நினைத்தார் என்று சொன்னால் அழகாக இருக்கும். உண்மையில் அவர் அதிகம் நினைத்தது 412 என்ற எண்ணைப் பற்றி. அது தப்பு. தப்பு என்று தெரிந்த ஒரு எண் அச்சாகி, தோல் அட்டை போட்டு, நூலகத்தில் என்றென்றைக்குமாக நின்றுகொண்டிருக்கும். அதற்குப் பக்கத்தில் சரிபார்த்தவர் என்று தன் கையெழுத்து. கவுண்டர் முன்னால் நிற்கும் நாற்பது ஹெல்மெட்டுகளையும் மனசுக்குள் நிறுத்திப் பார்த்தார். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த எண் அதைவிட மோசமாகக் குத்தியது. இதை நேர்மை என்று சொல்வது சற்று அதிகம். அரிப்பு என்றால் பொருந்தும். பல நல்ல காரியங்களுக்கு அடியில் இருப்பது அதுதானோ என்னவோ; செய்து முடித்த பிறகுதான் அதற்கு நல்ல பெயர் வைக்கிறோம்.

பன்னிரண்டரைக்கு நாலாவது மாடி ஏறினார். வரைவுகளுக்குப் பொறுப்பாளர் டாக்டர் ஆல்தொபெல்லி. ரோமில் பட்டதாரி எல்லாருமே டாக்டர்தான், ஊசி போடத் தெரிய வேண்டியதில்லை. அவர் ஒரு கையில் தொலைபேசியும் மறு கையில் பாதி சாண்ட்விச்சுமாக இருந்தார்.

“டாக்டர், 614ஆம் பத்தியில ஒரு தப்பு. 412ன்னு இருக்கு, 415ன்னு வரணும்.”

“415ல என்ன இருக்கு?”

“நாங்க.”

ஆல்தொபெல்லி சாண்ட்விச்சைக் கீழே வைத்தார். பக்கத்தைப் புரட்டினார். நிமிர்ந்து ரெமிஜியோவைப் பார்த்தார்.

“இருங்க. உங்க அலுவலகத்தை மூட மறந்துட்டாங்க, ஒழுங்கா மூடுங்கன்னு சொல்ல நீங்களே மாடி ஏறி வந்திருக்கீங்க. அப்படித்தானே?”

“லிஃப்ட் வேலை செய்யலை, டாக்டர்.”

“வீட்ல எல்லாரும் நல்லாதானே இருக்காங்க?”

“நல்லா இருக்காங்க. கையெழுத்து இங்க போடணும்.”

திருத்தம் ஏறியது. மூன்று மணிக்கு சட்டம் நிறைவேறியது. நாய்கள் பிழைத்தன, அலுவலகம் செத்தது. கிளம்பும்போது ஃபௌஸ்தா, “உன்னைப் பெத்தவங்க உனக்கு எண் சொல்லிக்குடுத்திருக்கக் கூடாது” என்றாள்.

ஜனவரியில் ஆல்தொபெல்லியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. ஓர் அமைப்பை மூட வெறும் சட்டம் போதாது, மூடும் முறைக்கு விதிகள் வேண்டும். விதிகளில் வேறு சட்டங்களைப் பற்றிய குறிப்புகள் வரும். குறிப்புகள் சரி என்று உரிய அலுவலகம் சான்று தர வேண்டும். உரிய அலுவலகம் இவர்களுடையது.

ரெமிஜியோ படித்துப் பார்த்துப் பதினொரு தவறுகளைக் குறித்துத் திருப்பி அனுப்பினார்.

“வேணும்னேதானே?” என்று கேட்டாள் ஃபௌஸ்தா. மூன்று வாரத்தில் அவள் முதல்முறையாகச் சிரித்தது அன்றுதான்.

“பதினொண்ணு இருந்துச்சு” என்றார் அவர், மனம் புண்பட்டு.

திருத்தி மறுபடி வந்தது, ஆறு தவறு. அதற்குள் மார்ச் போய்விட்டது. விதிகள் இல்லாமல் யாரையும் எந்தக் கவுண்டருக்கும் மாற்ற முடியாது, சம்பளத்தை நிறுத்தவும் முடியாது என்று சட்டத்துறை சொல்லிவிட்டது. டிசம்பரில் புது பட்ஜெட்டில் புதிதாக ஒரு பத்தி: ‘மூடப்பட்ட அலுவலகத்தை மூடும் பணிகளுக்காக, ஒரு வருஷத்துக்கு மட்டும்’. மூடுவது கூடுதல் வேலை என்பதால் தொகை முன்பைவிடச் சற்று அதிகம். மூடுகிறவர் என்று ஓர் அதிகாரி, அவருக்கு ஓர் உதவியாளர். உயிரோடு இருந்தவரை இரண்டு பேர் வேலை பார்த்த அலுவலகத்தில், செத்த பிறகு நாலு பேர். ஓர் அறை ஹீட்டரும் வந்தது.

ரெமிஜியோவுக்கு இரண்டு வருஷம் முன்னதாகவே ஓய்வு பெற்ற ஃபௌஸ்தா போகிற போக்கில் ஒரு காரியம் செய்தாள். நாய்ப் பள்ளிக்குக் கடிதம் எழுதி, ‘இங்கே ஒரு ஆள் உங்களுக்காக இப்படிச் செய்தான், நன்றி சொல்லத் துப்பில்லையா’ என்று கேட்டுவிட்டாள். நாய்களைக் கைவிடலாம் என்று வாதாடியதை மட்டும் எழுத மறந்துவிட்டாள்.

ரெமிஜியோ அறுபத்திரண்டில் ஓய்வு பெற்றார், அதே அறையில், அதே நாற்காலியில் இருந்தபடியே, ஒரு ஹெல்மெட்டையும் சந்திக்காமல். கடைசி நாளன்று தபாலில் நாய்ப் பள்ளியின் காலண்டர் வந்திருந்தது. அட்டையில், பனியில் மூக்கைப் புதைத்திருக்கும் பெரிய கறுப்பு நாய். கீழே சின்ன எழுத்தில்: ‘எங்கள் நண்பர் பாச்சினிக்கு நன்றியுடன். இவளைப் பற்றி ஏழாம் பக்கத்தில் காண்க.’

வீட்டில் ஒர்னெல்லா காலண்டரைச் சமையலறைச் சுவரில் மாட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். திரும்பினால், அவர் அதைக் கழற்றி மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“என்ன, அழறியா?”

“இல்ல” என்றார் ரெமிஜியோ. “ஏழுல இருக்கறது வேற நாய். இவ ஒன்பதுல இருக்கா. பேனா எங்க?”