'ஏ' என்கிற கோவணம்

நேற்று பெரம்பலூரிலிருந்து வந்த சம்பந்தி, காப்பியை ஆற்றிக்கொண்டே, "ஒங்க பழைய ஹெட் கிளார்க்கு தவறிட்டாராம், தெரியுங்களா?" என்றார். உள்ளேயிருந்து என் மனைவி, "ஐயோ, பாவம்" என்றாள். அவளுக்கு எல்லாரும் பாவம்தான். பால்காரர் மாடும் பாவம், பாலில் தண்ணீர் ஊற்றுகிற பால்காரரும் பாவம். எனக்கு மட்டும் அந்தச் சொல் வாயில் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நாற்பதுகளில், யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, பெரம்பலூரில் ஓர் ஆபீசில் நான் தற்காலிகக் குமாஸ்தா. எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். பசையும் அரக்கும் ஈரக் கோணியும் கலந்த ஒரு வாசனை அங்கே உண்டு. இப்போதும் எங்காவது அரக்கு உருக்கினால் எழுந்து வெளியே போய்விடுவேன். என் வேலை நிரந்தரமாவது ஹெட் கிளார்க்கின் கையில் இருந்தது. அவருக்கோ அந்த நாற்காலியில் தன் மச்சினனை உட்கார வைக்க ஆசை. அதனால் தினமும் என் இங்கிலீஷைப் பிடித்துக்கொள்வார், ஆபீஸ் முழுக்கக் கேட்கிற குரலில். நம் பாஷையில் அன்பு என்றால் அன்புதான், இங்கிலீஷ் மாதிரி முன்னால் 'ஏ', 'தி' என்று எதையும் ஒட்ட வேண்டியதில்லை. அங்கேதான் மாட்டிக்கொள்வேன். 'ஹானஸ்டி' என்று எழுதினால் 'தி ஹானஸ்டி' என்று திருத்துவார். மறுநாள் 'தி' போட்டே எழுதினால் 'தி'யை அடிப்பார்.

மழை பொய்த்த ஒரு வருஷம், வெள்ளைக்கார துரை ஒருவர் வருவதாக ஏற்பாடு. வரவேற்புப் பத்திரம் வாசித்துக் கொடுப்பது அந்தக் கால வழக்கம். எழுதுகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது. கருணையினால் எங்களிடம் வந்திருக்கிறீர்கள் என்ற பொருளில், 'இட் இஸ் அவுட் ஆஃப் கம்பாஷன் தட் யூ ஹாவ் கம் டு அஸ்' என்று எழுதினேன்.

"அவுட் ஆஃப் கம்பாஷனாவது, வெங்காயமாவது! சுருக்கமா பிட்டின்னு போடு, ரெண்டும் ஒண்ணுதான். அதென்னடா, நவுனை அம்மணமா நிக்க வச்சிருக்க? முன்னாடி 'ஏ'ங்கற கோமணத்தைக் கட்டு!" என்றார் ஹெட் கிளார்க்.

ஆபீசே சிரித்தது. "சார், பிட்டிக்கு முன்னாடி 'ஏ' போட்டா அர்த்தம்..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்கே பாடம் சொல்றியா? ஒங்கப்பன் வாய்க்கா வெட்டுனவன்தானே? நீயும் அங்கயே போயிடு" என்றார்.

அதற்கும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அவர் சொன்னபடியே, ஓர் எழுத்துப் பிசகாமல் டைப் அடித்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் டைப் அடித்ததில்லை.

பந்தலில் ஹெட் கிளார்க் சரிகைத் தலைப்பாகையோடு கணீரென்று வாசித்தார்: 'இட் இஸ் ஏ பிட்டி தட் யூ ஹாவ் கம் டு அஸ்.' வந்து தொலைத்தீர்களே என்று வருந்துகிறோம், அதுதான் அர்த்தம். துரை மாலையைக் கழற்றி மேஜையில் வைத்தார். தனக்கும் அதே வருத்தம் என்றும், சீக்கிரமே கிளம்பிவிடுவதாகவும் சொன்னார். சொன்னபடியே கிளம்பினார்.

எங்கள் ஆபீசருக்கு முகம் சுண்டிவிட்டது. "எந்த முட்டாள்யா அந்த 'ஏ'யைப் போட்டது?"

ஹெட் கிளார்க்கின் விரல் என் பக்கம் நீண்டது. நான் கையைக் கட்டிக்கொண்டு, பவ்யமாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "சார், நான் அம்மணமாத்தான் வுட்டிருந்தேங்க. கோமணம் கட்டுனது அவருங்க."

இந்தத் தடவை ஆபீஸ் அவரைப் பார்த்துச் சிரித்தது. அன்றிலிருந்து அவர் பெயர் 'ஏ பிட்டி'. சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாலும் பின்னாலிருந்து யாராவது கூப்பிடுவார்கள். யாராவது என்ன, பாதி நேரம் நான்தான். வேலை என்னவோ மச்சினனுக்குத்தான் கிடைத்தது. நான் அரியலூரில் ஒரு கடலை மண்டிக்கு வந்து சேர்ந்து, இங்கேயே நரைத்தேன். போனால் போகட்டும். அவர் முகம் போன போக்கைப் பார்க்க இன்னொரு வேலையையும் விட்டிருப்பேன்.

அந்த ஆபீஸ் கட்டடத்தை இடித்துவிட்டார்களாம். துரைமார் போனார்கள், வரவேற்புப் பத்திரங்கள் போயின, அன்று சிரித்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். 'ஏ பிட்டி' என்றால் திரும்பி முறைக்க இருந்த ஒரே ஆளும் இப்போது இல்லை.

சம்பந்தி டம்ளரைக் கீழே வைத்தார். "என்னங்க, ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறீங்க?"

"இட் இஸ் ஏ பிட்டி" என்றேன்.

அவருக்கு இங்கிலீஷ் தெரியாது, தலையை ஆட்டிக்கொண்டார். இந்தத் தடவை 'ஏ' சரியான இடத்தில்தான் இருந்தது. சிரிக்கத்தான் ஆள் இல்லை.