உறுமி இல்லாத கேசட்

அக்கா மகன் பெங்களூரிலிருந்து ஒரு பாட்டு அனுப்பியிருந்தான். புதிதாகக் கிளம்பிய இசைக்குழுவாம், முதல் ஆல்பமாம். நன்றாகத்தான் இருந்தது. கூடவே ஒரு பேட்டி. எந்தெந்த வெள்ளைக்காரக் குழுக்களைக் கேட்டு வளர்ந்தோம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கிதாரோடு உறுமியைச் சேர்த்தது தாங்கள்தான் முதல் என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிள்ளைகள் மேல் கோபமில்லை. அவர்களுக்கு யார் சொன்னார்கள்? கோபமெல்லாம் எண்பதுகளில் தெப்பக்குளத்துப் பக்கம் கேசட் கடை வைத்திருந்த ஒரு மனுஷன் மேல். இன்னும் ஆறவில்லை.

அப்போது நாங்கள் மூன்று பேர். மனோகரன் பாடுவான். கிதார் நான், வாசித்தேன் என்று சொன்னால் கிதார் என் மேல் வழக்குப் போடும். சினிமாப் பாட்டுப் பாடினால்தான் கல்யாண வீட்டில் கூப்பிடுவார்கள் என்றிருந்த காலத்தில், சொந்தப் பாட்டுத்தான் பாடுவோம் என்று திரிந்தோம். அந்தப் பாட்டெல்லாம் எங்கிருந்து வந்தது என்று எங்களை யாரும் பேட்டி எடுக்கவில்லை, அதனால் இப்போது சொல்கிறேன். இலங்கை வானொலியில் கரகரத்து வந்த இங்கிலீஷ் பாட்டு, மாதா கோயில் ஆர்மோனியம், எல்லாவற்றுக்கும் மேலே சின்னக்கருப்பனின் உறுமி.

சின்னக்கருப்பனுக்கு உசிலம்பட்டிப் பக்கம். எங்களோடு மில்லில் வேலை பார்த்தான். ஊரில் எழவு விழுந்தால் லீவு போட்டுவிட்டு அடிக்கப் போவான். ஒரு பக்கத் தோலில் விளக்கெண்ணெய் தடவி வளைந்த குச்சியால் அவன் தேய்த்தால் அடிவயிற்றில் இழுக்கும். இன்றைக்கும் விளக்கெண்ணெய் வாடைக்கு எல்லோருக்கும் பேதி ஞாபகம் வரும், எனக்கு அவன்தான் வருவான்.

"எழவு விழாம ஒருக்காவது எங்காத்தா என் மேளத்தக் கேக்கணும் மாப்ள" என்பான். வீட்டில் வைத்து அடிக்க முடியாது. அடித்தால் யார் செத்தது என்று தெருவே ஓடி வரும்.

அந்தக் கேசட் கடை மாடியில்தான் பதிவு செய்தோம். ஜன்னலுக்கெல்லாம் சாக்கு. இரண்டே மைக். உறுமி மற்றதை அமுக்கிவிடும் என்று அவனுக்குத் தனி மைக், எங்கள் இருவருக்கும் ஒன்று. ஸ்டீரியோவில் அவன் இடப்பக்கம், நாங்கள் வலப்பக்கம். மூன்றாவது பாட்டின் நடுவில் நாங்கள் கையைக் கட்டிக்கொள்ள, அவன் மட்டும் அடித்தான். என்ன அடி அது.

முதல் கேசட் கைக்கு வந்ததும் போட்டுக்கூடப் பார்க்கவில்லை, மூவரும் உசிலம்பட்டி பஸ் ஏறிவிட்டோம். அவன் ஆத்தா முன்னால் டேப்ரெக்கார்டரை வைத்தோம். முதல் பாட்டில் உறுமி இல்லை.

"அடுத்ததுல வரும்த்தா."

அடுத்ததிலும் இல்லை. மூன்றாவதில் அவன் தனியாக அடித்த இடம் வந்தது. வெறும் இரைச்சல். தூரத்தில் யாரோ மாவாட்டுகிற மாதிரி ஏதோ.

"அம்புட்டுத்தானாய்யா? நின்னு போச்சா?" என்றது ஆத்தா.

"ஆமாத்தா. டேப்பு மக்கர் பண்ணுது" என்றான் சின்னக்கருப்பன். எங்கள் முகத்தை அவன் பார்க்கவில்லை.

மறுநாள் கடைக்குச் சண்டைக்குப் போனோம். இடப்பக்கத்தை அணைத்துவிட்டு நகல் எடுத்திருக்கிறார் மனுஷன். கல்லாவுக்கு ஊதுபத்தி காட்டிக்கொண்டே சொன்னார்: "சாவு மேளத்தக் காசு குடுத்து எவன் தம்பி வீட்டுக்குள்ள வைப்பான்? ஒங்க நல்லதுக்குத்தான் எடுத்தேன்."

மூல நாடாவைக் கேட்டோம். அதன் மேல் பக்திப் பாட்டு ஏற்றியாகிவிட்டதாம். நல்லதாம், நல்லது. சில வருஷம் கழித்து அதே கடையில் உறுமி முழங்கும் குலசாமிப் பாட்டு கேசட்டுகள் சரம் சரமாகத் தொங்கின. விற்கிறது என்றால் தீட்டும் போய்விடும் போலிருக்கிறது.

எங்கள் குழு அதோடு கலைந்தது. கேசட் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். மில்லை இடித்து வீட்டுமனை போட்டுவிட்டார்கள். அந்த வாசிப்பைக் கேட்டவர்களில் மனோகரனும் போய்விட்டான்.

ஆத்தா மறுவருஷமே இறந்துபோனது. அன்றைக்கு அடிக்க வந்தவர்களை நிறுத்திவிட்டு, சின்னக்கருப்பன் தானே உறுமியை மாட்டிக்கொண்டான். எழவு அடி அடிக்கவில்லை. மூன்றாவது பாட்டில் அடித்ததைத்தான், தொடக்கத்திலிருந்து கடைசி வரைக்கும், ஆத்தாவின் தலைமாட்டில் நின்று அடித்தான்.