மூன்றாம் எண் டோக்கன்

நடேசன் கதையை அவர் செய்த தப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். பிள்ளைகளைப் பற்றி யோசனை கேட்டு வீட்டுக்கு வருகிற பெற்றோரிடம் அவரும் அங்கிருந்துதான் தொடங்குவார்.

மௌலாலி பக்கம் ஒரு வார்ப்பட ஆலை இருந்தது. பெயர் வேண்டாம். இப்போது அந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. நடேசன் அங்கே மணல் அச்சு செய்கிற தொழிலாளி. நான் அங்கே சங்கச் செயலாளர். நடேசனின் அப்பா ரயில்வேக்காரர் என்பதால் பக்கத்து ரயில்வே பேட்டையான லாலாகுடாவில் சின்னதாக ஒரு வீடு.

ஆலையில் டோக்கன் முறை. ஒவ்வொருவருக்கும் எண் வெட்டிய பித்தளை வட்டம் ஒன்று. வேலைக்குள் போகும்போது அதை வேலைக்கூடத்தில் இருக்கும் ஷாப் பலகையில் மாட்ட வேண்டும். வெளியே போகும்போது எடுத்து கேட் பலகையில் மாட்ட வேண்டும். ஷாப் பலகையில் டோக்கன் தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம்.

எண்பத்தொன்பதில் ஒரு சாயங்காலம் ஷிப்ட் முடிந்து எல்லோரும் போன பிறகும் ஒரு டோக்கன் தொங்கிக்கொண்டிருந்தது. கோவிந்தராஜனுடையது. வருகைப் பதிவு பார்க்கிற டைம் ஆபீஸ் சக்ரபாணி பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். கடைசியாக வெளியே வந்த நடேசனுக்கு பஸ் பிடிக்கிற அவசரம். "மறந்துட்டுப் போயிருப்பான்யா, சாத்து" என்றார். சக்ரபாணி சாத்தினார். மறுநாள் காலை மணல் குவியலுக்குப் பின்னால் கோவிந்தராஜனைக் கண்டெடுத்தார்கள். மாரடைப்பு. உடனே பார்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர்.

பிறகு நாங்கள் சண்டை போட்டு ஒரு விதி வாங்கினோம்: ஒரு டோக்கன் நின்றாலும் ஆளைக் கண்டுபிடிக்கும்வரை கேட்டை மூடக் கூடாது. விதி வந்தது. நடேசனுக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்று வருடம் கழித்து அவருக்குப் பானு பிறந்தாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். மிக்ஸி ஓடினால் காதைப் பொத்திக்கொண்டு அலறுவாள். அப்பா வாசலைத் தாண்டினால் தரையில் தலையை மோதுவாள். அக்கம்பக்கம் ஆளுக்கொரு காரணம் சொன்னது. எல்லாக் காரணமும் சுற்றி வந்து அவள் அம்மா வள்ளியம்மாள் தலையிலேயே விழுந்தது. தொண்ணூற்றொன்பதில் ஒரு டாக்டர் அதற்குப் பெயர் சொன்னார். ஆட்டிசம். யார் தப்பும் இல்லை என்றும் சொன்னார். வள்ளியம்மாள் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள். ஏழு வருடமாகக் காத்திருந்த வார்த்தை அது.

தலை மோதலுக்கு மருந்தைக் கண்டுபிடித்தது நடேசன். வீட்டுச் சுவரில் ஒரு பலகை அடித்தார். மேல் வரிசை பச்சை, அது உள்ளே. கீழ் வரிசை சிவப்பு, அது வெளியே. தகரத்தில் மூன்று வட்டம் வெட்டி எண் அடித்தார். ஒன்று நடேசன், இரண்டு வள்ளியம்மாள், மூன்று பானு. போகும்போது கீழே மாட்டிக் காட்டினார், வந்ததும் மேலே மாட்டிக் காட்டினார். ஒரு மாதம் பொறுமையாகக் காட்டினார். ஒரு நாள் பானுவே அவர் டோக்கனை எடுத்துக் கீழே மாட்டினாள். "ஒண்ணு வெளிய" என்றாள். அழவில்லை. சாயங்காலம் அவர் வந்ததும் மேலே மாட்டி, "ஒண்ணு உள்ள" என்றாள். போனவர் திரும்பி வருவார் என்பதை அந்தப் பலகையை வைத்து நம்பக் கற்றுக்கொண்டாள்.

அப்படி நம்பியவளைத்தான் ஏமாற்றினார்.

இரண்டாயிரத்து ஒன்று. நடேசனின் தம்பி சீனு மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலையில் இருந்தான். ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து அவனுக்கு ஒரு வரன் வந்தது. பெண் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க வருவதாக இருந்தது.

"அண்ணா, மேட்சல் பக்கம் இந்த மாதிரி பிள்ளைங்களுக்கு ஒரு ஹோம் இருக்கு. தங்க வச்சே பாத்துக்குவாங்க. பானுக்கும் நல்லதுதானே?"

"எத்தினி நாளைக்கு?"

"முதல்ல இந்த சம்பந்தம் முடியட்டும். அப்புறம் பாக்கலாம்."

"நக்கோ, இது வோணாம்" என்றாள் வள்ளியம்மாள் அடுப்படியிலிருந்து. "எம்பொண்ண மறச்சி வச்சி உனுக்கு ஒரு கல்யாணம் வோணாம்."

"அண்ணி, உங்களுக்கும் ரெஸ்ட் வேணாமா?"

"நான் கேட்டனா? உன்னாண்ட வந்து ரெஸ்ட் குடுன்னு கேட்டனா?"

நடேசன் தம்பி பக்கம்தான் சாய்ந்தார். தம்பியைப் படிக்க வைத்தவர். இவ்வளவு தூரம் வந்து ஒரு பிள்ளையால் அவன் வாழ்க்கை தட்டிப் போக வேண்டுமா என்று நினைத்தார். நினைத்ததை மறைக்காமல் பிறகு என்னிடம் சொன்னார்.

புதன்கிழமை காலை பானு இரண்டு டோக்கனைக் கீழே மாட்டினாள். "ஒண்ணு வெளிய. மூணு வெளிய." அப்பாவோடு பஸ்ஸில் போவது அவளுக்குப் பிடிக்கும்.

சாயங்காலம் அவர் மேட்சலிலிருந்து தனியாகத் திரும்பினார். வள்ளியம்மாள் பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"உங்களுத எடுத்து மேல மாட்டிக்கங்க. அவளுத தொடாதீங்க."

வீடு அமைதியாகிவிட்டது. அந்த அமைதிதான் அவரைக் கொன்றது. மிக்ஸி ஓடியது, யாரும் அலறவில்லை. இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தால் பார்வை தானாகச் சிவப்பு வரிசைக்குப் போனது. காற்றடித்தால் அந்தத் தகரம் சுவரில் தட்டும். தட்டுகிறபோதெல்லாம் வள்ளியம்மாள் எழுந்து வாசலைப் பார்த்துவிட்டு வருவாள்.

ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வந்தார்கள். பலகை எதற்கென்று கேட்டுத் தெரிந்துகொண்ட பெண்ணின் அம்மா அதை ஆசையாகப் பார்த்தாள்.

"நல்லாருக்கே! ஒண்ணு அண்ணன், ரெண்டு அண்ணி. மூணாவது யாருது?"

"அது சும்மா, பழசு. எடுக்க மறந்துட்டாங்க" என்றான் சீனு.

நடேசன் காதில் ஆலை கேட்டில் தான் சொன்னது கேட்டது. மறந்துட்டுப் போயிருப்பான்யா, சாத்து. பன்னிரண்டு வருடம் கழித்து அதே சொல் அவர் வீட்டுக்குள்ளேயே வந்து நின்றது. அது என் பெண்ணுடையது என்று அப்போதும் அவர் சொல்லவில்லை. பெண் வீட்டார் திருப்தியாகப் போனார்கள்.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்தது. ஷாப் பலகையில் ஒரு டோக்கன் நின்றது. சக்ரபாணி தேடிக்கொண்டு உள்ளே போனார். மணல் குவியலுக்குப் பின்னால் நடேசன் குந்தியிருந்தார். கோவிந்தராஜன் கிடந்த அதே இடம்.

"யோவ், உன் ஒருத்தன் டோக்கனுக்காவ கேட்டு தொறந்து கெடக்குது. நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?"

"இல்ல."

"அப்பறம் இன்னா? எழுந்து வாய்யா, எனக்கும் வூடு கீது."

"சக்ரபாணி, எங்க வூட்லயும் ஒண்ணு தொங்குதுய்யா. பத்து நாளாச்சி."

பானுவை ஹோமில் விட்டதைச் சக்ரபாணி ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார். பக்கத்தில் மணலிலேயே உட்கார்ந்தார். "அன்னிக்கி நீ சொன்ன, நான் சாத்தினேன். ரெண்டு பேரும்தான். அவன் இனிமே வர மாட்டான். உன் பொண்ணு இருக்குதில்ல? போயி கூட்டினு வாய்யா."

மறுநாள் லீவு சொல்லிவிட்டு நடேசன் மேட்சல் போனார். ஹோம்காரர்கள் கெட்டவர்கள் இல்லை. வார்டன் அம்மா வருத்தத்தோடுதான் சொன்னாள்: "கேட்ட விட்டு நகரவே இல்லைங்க. சாப்பாடும் இங்கயேதான் குடுத்தோம்."

பானு கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளங்கை தோல் உரிந்திருந்தது. அப்பாவைப் பார்க்கவில்லை. கம்பியையே பார்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நடேசன் தன் டோக்கனை மேலே மாட்டினார். மூன்றாம் எண்ணை எடுத்து அவள் கையில் கொடுத்தார். அவள் அதை மறுபடியும் கீழேயே மாட்டினாள். மேலே ஏற்றவில்லை. ஒரு வார்த்தையும் பேசவில்லை. இரண்டு வருடம் பேசவில்லை.

சீனுவுக்குப் பார்த்த பெண்ணின் வீட்டுக்கு நடேசன் நேராகப் போய் உண்மையைச் சொன்னார். சம்பந்தம் முறிந்தது. சீனு வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டான். மூன்று வருடம் இந்த வாசலை மிதிக்கவில்லை.

படிக்கிற பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதைப் பயமுறுத்த எழுதவில்லை. முடியாமல் போகிற நாள் வரும், ஓய்வு தேவைப்படும், வெட்கப்படாமல் உதவி கேளுங்கள். பிள்ளையை இன்னொருவர் கையில் விடுவது குற்றம் இல்லை. ஊர் கண்ணுக்காக மறைப்பதுதான் குற்றம். பேசாத பிள்ளைக்குக் கணக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள். வாங்கிய அடியைச் சரிசெய்ய முடியுமா? முழுதாக முடியாது. ஆனால் பக்கத்திலேயே இருக்க முடியும். நடேசன் இருந்தார்.

பானுவுக்கு இப்போது இருபது. ஞாயிறுதோறும் அந்த வீட்டுக்கு இதே மாதிரி பிள்ளை உள்ள நாலைந்து பெற்றோர் வருகிறார்கள். போன வாரம் அல்வாலிலிருந்து யூசுப், சபீனா தம்பதி வந்தார்கள். ஐ.டி. வேலைக்கு வந்தவர்கள், நாலு வயதில் ஒரு பையன். சபீனா பலகையைப் பார்த்தாள், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பானுவைப் பார்த்தாள்.

"மூணு ஏன் வெளிய தொங்குது? அவங்க இங்கதானே இருக்காங்க?"

நடேசன் ஒன்றையும் விடாமல் சொன்னார். மேட்சலை, கேட்டை, உரிந்த தோலை. சபீனா முகத்தை மூடிக்கொண்டாள்.

"நீங்களே எடுத்து மேல மாட்டிடலாமே அண்ணா?"

"அது அவ டோக்கன்மா. நான் தொட மாட்டேன்."

கிளம்பும்போது அவர்களை பஸ் ஸ்டாப்வரை விட நடேசன் செருப்பை மாட்டினார். பானு எழுந்து வந்தாள். முதல் டோக்கனைக் கீழே, தன்னுடையதன் பக்கத்தில் மாட்டினாள்.

"ஒண்ணு வெளிய."

வள்ளியம்மாள் கொசு வருகிறதென்று கதவைச் சாத்தப் போனாள். பானு குறுக்கே கையை நீட்டினாள். அவர் திரும்பி வருகிறவரை அந்தக் கதவு திறந்தேதான் இருக்கும்.