வைப்பர் போட்டு வண்டி ஓட்டியவள்

என் மனைவி ஊரில் பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். கொட்டும் மழையிலும், பின் இருக்கையில் பிள்ளைகள் ஒருவர் தலையை ஒருவர் பிய்த்துக்கொண்டிருக்கும்போதும் அவள் கையில் வண்டி பூப்போலப் போகும். எனக்குக் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை கிடைத்து இந்த நாட்டுக்கு வந்த பிறகு, அப்படிப்பட்டவள் பேருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, அடுத்தவர் ஓட்டுவதைப் பார்த்துப் பல்லைக் கடிக்க வேண்டியதாகிவிட்டது. ஊர் லைசென்ஸ் இங்கே செல்லாது.

"பிரேக்க எப்படி மிதிக்கிறான் பாருங்க. ஏதோ கரப்பான்பூச்சிய நசுக்குற மாதிரி!"

"மெதுவா பேசு. அவருக்குக் கேக்கப்போவுது."

"கேக்கட்டும். புரிஞ்சாத்தானே?"

பேருந்து மட்டுமா படுத்தியது? வாஷிங் மெஷினில் இருந்த எழுத்தை எங்கள் இருவருக்கும் படிக்கத் தெரியாது. ஒரு பட்டனைத் தட்டினால் பாட்டுப் பாடும். இன்னொன்றைத் தட்டினால் கதவைப் பூட்டிக்கொண்டு என் சட்டையைத் திருப்பித் தராது. கடைக்காரர்கள், இவளுக்குக் காது மந்தம் என்று நினைத்தவர்கள் போல உச்சஸ்தாயியில் கத்துவார்கள். எங்கள் குடியிருப்புக் காவலாளி தினமும் "யார் வீட்டுக்கு வந்திருக்கீங்க?" என்று கேட்பார். "என் வீட்டுக்குத்தான்யா, என் வீட்டுக்கு" என்று இவள் தமிழிலேயே சொல்லிவிட்டு உள்ளே வருவாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான், தெருக்கோடியில் மழலையர் பள்ளி நடத்தும் அம்மாள் இவளைப் பிடித்தார். அவர்களுடைய வேன் டிரைவர் வேலையை விட்டுப் போகப்போகிறாராம். இவள் ஊரில் வேன் ஓட்டியவள் என்று எப்படியோ தெரிந்து, "லைசென்ஸ் எடுங்க, வண்டி உங்களுக்குத்தான்" என்று சொல்லிவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "என்னங்க, வேன்! மஞ்ச வேன்! பன்னெண்டு சீட்டு!" என்று கூடத்தை இரண்டு சுற்று சுற்றினாள். பேசிக்கொண்டே எனக்குக் காபி போட்டாள். அதில் சர்க்கரைக்குப் பதில் உப்பு இருந்தது. நான் ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

எனக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. இருவரும் சேர்ந்தே டிரைவிங் பள்ளியில் சேர்ந்தோம். சொல்லிக்கொடுத்த பெண்மணிக்குப் பிரேக்கம்மா என்று பெயர் வைத்தோம். அவர் பக்கமும் ஒரு பிரேக் இருந்தது. நான் ஓட்டும்போது அவர் கால் அதைவிட்டு எழவே இல்லை.

இங்கே சாலையில் நம் ஊருக்கு மறுபக்கம் போக வேண்டும். ஸ்டியரிங் மறுபக்கம். கியருக்கு வேறு கை. இண்டிகேட்டரும் வைப்பரும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன. எனக்குப் பழைய பழக்கம் எதுவும் இல்லாததால் குழப்பமும் இல்லை. அவளுக்கோ ஊரில் பழகிய கை. ஒவ்வொரு திருப்பத்திலும் சுள்ளென்று அடிக்கும் வெயிலில் வைப்பர் கண்ணாடியை வறட்டு வறட்டென்று துடைக்கும். முதல் தேர்வில் அப்படியே தோற்றாள்.

இரண்டாவது முறை மொழி காலை வாரியது. அவர்கள் பேச்சில் "வலது" என்பதும் "நேரே" என்பதும் நம் காதுக்கு ஒரே சொல். கடைசியில் குரல் ஏறினால் வலது, இறங்கினால் நேரே. தேர்வாளர் நேரே போகச் சொல்ல, இவள் ஸ்டைலாக வலப்பக்கம் திரும்பி ஏதோ ஓர் அலுவலக வளாகத்துக்குள் புகுந்துவிட்டாள். வாசலில் நின்றவர் பெரிய அதிகாரி வருகிறார் என்று நினைத்து சல்யூட் அடித்தாராம். இவளும் பதிலுக்கு அடித்திருக்கிறாள். தேர்வு அங்கேயே முடிந்தது.

அழுவாள் என்று நினைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "விடமாட்டேங்க. நீங்க வழி சொல்லுங்க, நான் வீட்டுக்குள்ள நடக்குறேன்" என்றாள்.

அன்றிலிருந்து வீடே சாலையானது. நான் வெங்காயம் உரித்துக்கொண்டே அவர்கள் மொழியில் "வலது!" என்பேன். துவைத்த துணியைச் சுமந்து வருபவள் டக்கென்று திரும்பிக் குளியலறைக்குள் போய்விடுவாள். "நேரே" என்றால் பால்கனி. குரல் ஏறியதா இறங்கியதா என்று எங்களுக்குள் சண்டை வேறு. கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். சொன்னதைக் கையைக் காட்டித் திருப்பிக் கேட்டுவிடுவது. கேட்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லையே!

மூன்றாவது தேர்வுக்கு இருவரையும் ஒரே வண்டியில் ஏற்றினார்கள். அவள் முதலில், அடுத்து நான். அதுவரை நான் பின்னால் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். தேர்வாளர் முகத்தில் சிரிப்பு என்ற ஒன்று குடியிருந்த சுவடே இல்லை.

வண்டி கிளம்பியது. "வலதா சார்?" என்று கேட்டுக் கேட்டுத் திரும்பினாள். இண்டிகேட்டர் போட்டாள், வைப்பர் தூங்கியது. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. தொடைக்கடியில் கைகளை வைத்து உட்கார்ந்துகொண்டேன்.

அப்போதுதான் அந்த நாற்சந்தி வந்தது. சிக்னல் செத்துக் கிடந்தது. நாலு பக்கமும் வண்டிகள் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. நடுவில் தண்ணீர் கேன் லாரி ஒன்று, முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் மாட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் ஹார்ன் அடித்தார்கள், ஒருவரும் நகரவில்லை.

"காத்திருங்க" என்றார் தேர்வாளர்.

காத்திருந்தாள். ஹார்ன் சத்தம் கூடியதே தவிர ஒன்றும் நடக்கவில்லை.

"சார், நான் கேட்டுப் பாக்கட்டுமா?" என்றாள் அவர்கள் மொழியில்.

அவர் என்ன நினைத்தாரோ, தோளைக் குலுக்கினார்.

ஜன்னலை இறக்கினாள். லாரிக்காரர் கண்ணை நேராகப் பார்த்தாள். பார்த்த பார்வையில் எல்லா மொழியும் பறந்துபோய், சுத்தத் தமிழ் வந்தது. "வாடா ராஜா, கொஞ்சம் பின்னாடி வா! அவ்வளவுதான், அவ்வளவுதான்... நில்லு! ஏம்ப்பா சிவப்பு கார், இப்ப நீ போ!" வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். அந்தக் கை பேசியது போதும் அவர்களுக்கு. லாரி அங்குலம் அங்குலமாகப் பின்வாங்கியது. சிவப்பு கார் நழுவியது. அதன் பின்னால் இன்னொன்று. முடிச்சு அவிழ்ந்த நூல் மாதிரி சாலை நீண்டு கிடந்தது! லாரிக்காரர் கட்டை விரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

வண்டி தேர்வு மைதானத்துக்குத் திரும்பிவந்து நின்றதும் தேர்வாளர் கேட்டார். "அந்த லாரிக்காரர் உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"இல்ல சார்."

"அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"நீங்க சொல்லுங்க" என்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில், 'வாடா ராஜா, பின்னாடி வா' என்றதை மட்டும் பெயர்த்தேன். "மன்னர் பெருமானே, பின்னால் எழுந்தருளுங்கள்" என்கிற மாதிரி அது வந்துவிட்டது போலிருக்கிறது. அந்த மனிதர் முகம் முதலில் கோணியது. பிறகு தோள் குலுங்கியது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "பாஸ்" என்றார்.

அவள் போட்ட கூச்சலில் மைதானத்து நாய் எழுந்து நின்றது.

அடுத்தது என் முறை. சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை, கிளட்ச்சிலும் பாவவில்லை. வண்டி இருமிவிட்டு நின்றது. மறுபடி கிளப்பினேன், மறுபடி இருமியது. மைதானத்து வாசலைக்கூடத் தாண்டவில்லை. நான் ஃபெயில். அதற்காக நான் வருத்தப்பட்டதாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த காலை, வாயில் பற்பசை நுரையோடு பால்கனியில் நின்று பார்த்தேன். பிள்ளைகள் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு குட்டிப் பெண் ஏற மறுத்து முரண்டு பிடித்தது. இவள் இறங்கிவந்து, அதன் ஷூ லேஸைக் கட்டிவிட்டு, காதில் ஏதோ சொன்னாள். அது ஓடிப்போய் முன் இருக்கையில் உட்கார்ந்துகொண்டது. வேன் தெருவை விட்டு வளைந்து மறைகிற வரைக்கும் கையை ஆட்டிக்கொண்டே நின்றதில், எனக்குப் பட்டறைப் பேருந்து போய்விட்டது.

சாயங்காலம் நான் கதவைத் திறப்பதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாள். எந்தப் பிள்ளை ஜன்னலோரம் கேட்கும், எது ஏறினதும் தூங்கிவிடும், எந்தப் பாலத்தில் வண்டி தூக்கிப்போடும் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். பிறகு சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

"என்னங்க, கடைசிப் பிள்ளை வீட்டத் தாண்டி ஒரு ரோடு போவுது. முழுக்கக் கடலோரம். ஞாயித்துக்கிழமைக்கு அந்தம்மாகிட்ட வண்டி கேட்டிருக்கேன். வர்றீங்களா?"

ஞாயிற்றுக்கிழமை, பன்னிரண்டு இருக்கை வேனில், அவளுக்குப் பக்கத்தில் நான் ஒருத்தன் மட்டும். இடப்பக்கம் முழுக்கக் கடல் பளபளத்தது. அவள் ஜன்னலை இறக்கிவிட்டு, கியரை மாற்றினாள்.