தளும்ப வேண்டிய தண்ணீர்

"சார், ஹெலன் மேடம் இறந்துட்டாவ. டேங்குல தண்ணி எவ்வளவு நிக்கணும்?"

இராஜாக்கமங்கலம் பக்கத்தில் உள்ள எங்கள் தேவாலயச் சபையின் கோவில்பிள்ளை பொன்னையன், மணி அடிப்பவர், போனில் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். அழுவதா, அளவு சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. இந்த அஞ்சலிக்கு வந்திருக்கும், மேடத்தை அறிந்த நீங்கள் பொன்னையனைக் கோபிக்க மாட்டீர்கள்.

பொறியியல் கல்லூரியில் எனக்கும் மேடத்துக்கும் பதினெட்டு வருடம் அடுத்தடுத்த மேசை. நிலநடுக்கத்தில் உயரமான கட்டுமானங்களின் ஆட்டத்தை அடக்குவது அவருடைய பாடம். எதிரே நிற்பவரை அடக்குவதற்கு அவருக்குப் பாடமே தேவைப்படவில்லை.

சபையார் ஒல்லியாக ஓர் இரும்பு மணிக்கூண்டு எழுப்பினார்கள். கடற்காற்றுக்கே அது ஆடியது. உச்சியில் தொட்டி வைத்துப் பாதியளவு தண்ணீர் விடச் சொன்னார் மேடம். கூண்டு ஒரு பக்கம் போனால் தண்ணீர் பின்தங்கி மறுபக்கம் மோதும்; ஆட்டம் அடங்கும்.

"நம்ம ஊருல பூமி எங்க மேடம் குலுங்கப் போவுது?" என்றார் சபைச் செயலாளர்.

"சுனாமிக்கு மொத நாளு கடலப் பத்தியும் இப்படித்தான சொன்னீரு?"

தொட்டி மேலேறியது. கூண்டும் அடங்கியது.

பொன்னையனுக்குத்தான் பொறுக்கவில்லை. கோவில் காரியத்தில் குறை வைக்கலாமா என்று விளிம்புவரை நிரப்பி மூடிவிட்டார். அசைய இடமில்லாத தண்ணீர் வெறும் பாரம். கூண்டு பழையபடி ஆடியது. செயலாளர் தொட்டியை இறக்கச் சொன்னார். மேடம் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறி, வாளி வாளியாகக் கோரிக் கீழே ஊற்றினார்.

"ஏலே பொன்னையா, நிறைகுடம் தளும்பாதும்பாவ. எனக்குத் தளும்புற குடந்தாம்ல வேணும்!"

கீழே செயலாளர் தொப்பலாக நனைந்தார். தற்செயல் என்று மேடம் கடைசிவரை சாதித்தார். நான் நம்பியதில்லை.

அன்றுமுதல் சனிக்கிழமைதோறும் அவரே ஏறி அளவு பார்த்தார். அடக்கத்தன்று செயலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இனி ஆரு ஏறி அளவு பாப்பாவ? தொட்டிய எறக்கிரலாம்" என்றார்.

"நான் பாக்கேன்" என்று சொல்லிவிட்டேன். பாதி ஏணியில்தான், உயரம் என்றால் எனக்குத் தலைசுற்றும் என்பதே நினைவுக்கு வந்தது. பொன்னையன் துக்கமணி அடித்துக்கொண்டிருந்தார். ஏணியைக் கட்டிக்கொண்டு குழந்தையைப்போல அழுதேன். பயத்தில் பாதி, மேடத்துக்காகப் பாதி.

அவர் எனக்கு விட்டுப்போனது அந்தச் சனிக்கிழமைகளைத்தான். இரண்டு வாரமாக ஏறுகிறேன். என் கால்தான் ஆடுகிறது; கூண்டு ஆடவில்லை.