யாரும் விலை கேட்காத டிராக்டர்

நியூசிலாந்தின் ஓக்லாந்துக்குத் தெற்கே ஒரு மணி நேரம் வந்தால் இந்த நாட்டுப்புற மாவட்டம். முதலில் சிவப்பு மண்ணும் வெங்காயப் பாத்திகளும், அப்பால் மழையில் ஊறிய மேடுகளும் ஆடுகளும். அரசாங்கம் விவசாய மானியத்தை நிறுத்தியபின் ஒவ்வொரு பண்ணையாகக் கடனில் மூழ்கி ஏலத்துக்கு வருகிறது.

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இன்றைக்கு ஓக்லாந்தின் பென்ரோஸில் சொந்த வெல்டிங் பட்டறை. எந்த இரும்பையும் ஒரு பார்வையில் மதிப்பிட்டுவிடுவேன். இன்றைய பண்ணை ஏலத்தில் சேற்றில் நிற்கும் இந்தப் பழைய டிராக்டர் தங்கம். ஆனால் என் வயதுக்காரர் ஒருவர் மட்டும்தான் விலை கேட்கிறார். மற்றவர்கள் தங்கள் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். விவரம் கெட்ட சனம் என்று நான் கையைத் தூக்குகிறேன். அவர் ஏற்றுகிறார், நானும் ஏற்றுகிறேன். அவர் தலையைக் குனிந்துகொள்கிறார். டிராக்டர் எனக்கு.

என்னோடு வந்து, தேநீர் வாங்கப் போன நவரத்தினம் ஓடி வருகிறார். இங்கே மாட்டு வைத்தியர், நம்மூர் ஆள்.

“ஐயோ அண்ணை, என்ன வேலை பாத்தனீங்கள்! அவர்தான் இந்தப் பண்ணைக்காரர். அது அவற்ற தகப்பன்ர டிராக்டர். அவர் எடுக்கட்டும் எண்டுதான் சனம் வாய் திறக்காமல் நிண்டது.”

“ஒருத்தராவது எனக்குச் சொல்லியிருக்கலாமே?”

“இஞ்ச ஆர் சொல்லுறது? எல்லாருக்கும் தெரியும்.”

பண்ணைக்காரரிடம் போய், நீங்களே வைத்திருங்கள் என்கிறேன். ஏலத்தில் எடுத்தது உங்களுடையது என்று மறுத்துத் தலையசைக்கிறார். பிறகு என்னை இருக்கையில் ஏற்றி, குளிரில் எஞ்சின் கிளம்பச் சோக்கை எவ்வளவு இழுக்க வேண்டும் என்று இரண்டு தடவை பொறுமையாகக் காட்டித் தருகிறார்.