கரண்ட் இல்லாத மத்தியானத்துக் குமிழிகள்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான், கணக்குக்கு அடங்காதது உலகத்தில் எதுவுமில்லை என்று அடித்துப் பேசினவன், அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை.

எழுபதுகளில் மீனாட்சிபுரம் பக்கம் ஒரு மருந்துக் கம்பெனியில் இருந்தேன். பூஞ்சைக்குச் சர்க்கரையும் காற்றும் கொடுத்துப் பென்சிலின் எடுப்பார்கள். எவ்வளவு கொடுத்தால் எவ்வளவு மருந்து கிடைக்கும் என்று சமன்பாடு போடுவது என் வேலை, அதைச் சரிபார்க்கக் குடம் அளவில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்திருந்தேன். உள்ளே போகிற காற்று வெளியே வரும்போது ஒரு தண்ணீர் ஜாடி வழியாகக் குமிழியிட்டுப் போகும். குமிழி நின்றால் கொஞ்ச நேரத்தில் பூஞ்சை செத்துவிடும்.

இது நடந்த வாரம் என் நாலு வயது மகள் நிமோனியா வந்து கொல்லங்கோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நாங்கள் எடுக்கிற அதே பென்சிலினைத்தான் போட்டார்கள், நோய் அதற்குக் கேட்கவில்லை. இழுத்து இழுத்து மூச்சு விடுவாள், நடுவில் சின்னதாக ஒரு தடங்கல். ராத்திரி நான் பக்கத்தில் இருப்பேன், பகலில் மனைவியும் மச்சினனும்.

ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போய்த் தொட்டிக்குக் காற்றடிக்கிற கம்ப்ரசர் நின்றது. தொட்டி அவ்வளவுதான் என்று ஓடிப்போய்ப் பார்த்தால் ஜாடியில் குமிழி வந்துகொண்டிருக்கிறது, வழக்கம்போல விடாமல் அல்ல, இழுத்து இழுத்து, நடுவில் சின்னதாக ஒரு தடங்கல். கம்ப்ரசர் பார்க்கிற இப்ராகிம் பாய் காற்றுக் குழாயையே கழற்றிக் காட்டினார்.

"உள்ள காத்தே போகலீங்க சார். இது எப்படிங்க மூச்சு விடுது?"

எனக்குத் தெரிந்த மூச்சு அது. கரண்ட் வந்ததும் குழாயை மாட்டிக் கம்ப்ரசரை ஓட்டச் சொன்னேன், அந்த இரைச்சலில் அது காணாமல் போனது.

சாயங்காலம் மச்சினன் வந்து நின்றான்.

"கரண்ட் போயி ஃபேன் நின்னுச்சுங்க மச்சான். அப்பவே பாப்பாவும் போயிருச்சுங்க."

காரியமெல்லாம் முடித்து வேலைக்குப் போனால், தொட்டியில் மருந்து துளியும் குறையவில்லை. காற்றில்லாமல் அது நடக்காது. எவ்வளவு காற்று போயிருக்க வேண்டும் என்று சமன்பாட்டைத் திருப்பிப் போட்டேன். ஒரு நாலு வயதுக் குழந்தையின் மூச்சளவு வந்தது. அந்த வயதில் அவ்வளவுதான் மூச்சு விடுமா என்று டாக்டரிடம் கேட்டும் பார்த்தேன், ஆமாம் என்றார்.

அதைக்கூட விட்டுவிடலாம். கம்ப்ரசரை ஓட்டச் சொன்னது நான்தான். சொல்லாமல் இருந்திருந்தால் இன்னும் எவ்வளவு நேரம் அதில் மூச்சு விட்டிருப்பாள் என்று இன்றைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.